11,904 யூரோ: எந்த வழியில் அனுப்பினால் எவ்வளவு கரையும்?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் வீட்டில் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிக் கவலை குறைவு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அப்படி எதையும் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். கவலையெல்லாம் 'பிளாக்டு அக்கவுண்ட்' மேல்தான். மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு, அதற்கான சான்றைக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பணம் மாதாமாதம் 992 யூரோவாக வெளியே வரும்.

நகையை வைத்தோ, நிலத்தை விற்றோ, கடன் வாங்கியோ சேர்த்த பணம். அதை அனுப்ப எந்த வழி நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். "எங்க பேங்க்ல சார்ஜ் ஐந்நூறு ரூபாதான்" என்பார் ஒருவர். "ஆன்லைன்ல அனுப்பினா சார்ஜே இல்ல" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இரண்டுமே முடிவெடுக்க உதவாது. ஏனென்றால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதில் சொல்லி வாங்கும் கட்டணம்தான் இருப்பதிலேயே சின்னது. பெரிய தொகை ரேட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்கு ரசீதில் தனி வரி கிடையாது.

ரேட் என்று எதைச் சொல்கிறார்கள்

கூகுளில் தட்டினால் தெரியும் யூரோ விலை, வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைக்கு நடுவில் நிற்பது. அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள். பாரத ஸ்டேட் வங்கி போன்றவை தினமும் காலையில் ஒரு ரேட் பட்டியல் வெளியிடுகின்றன. ஒரே நாணயத்துக்கு அதில் பல கட்டங்கள் இருக்கும்: கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்ப ஒரு விற்பனை விலை, ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் அட்டை) ஏற்ற ஒரு விலை, நோட்டாகக் கையில் வாங்க ஒரு விலை. பொதுவாக இந்த வரிசையிலேயே விலை ஏறும். நோட்டுதான் அதிகம், ஏனென்றால் அதை எங்கிருந்தோ வரவழைத்து, காப்பீடு செய்து, பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. நாம் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் வாங்கும் விலை இதற்கெல்லாம் நேர்மாறாகக் கீழே இறங்கும். 'ஜீரோ கமிஷன்' என்று போர்டு மாட்டிய கடைக்காரர் வாடகை கட்டுவது இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான்.

கணக்குக்கு வசதியாக, கூகுளில் தெரியும் அந்த நடுச்சந்தை விலை ஒரு யூரோவுக்குச் சரியாக 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025-இல் யூரோ அந்தக் கோட்டைத் தாண்டியும்விட்டது. அப்படியானால் 11,904 யூரோவின் அசல் மதிப்பு 11,90,400 ரூபாய். இனி வரும் ரேட்டுகள் எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில், உங்கள் நாளில் வேறாக இருக்கும். ஆனால் எது பெரிது, எது சிறிது என்ற வரிசை அநேகமாக மாறாது.

வங்கிக் கிளையா, ஃபாரெக்ஸ் நிறுவனமா

முதல் வழி, சம்பளமோ ஓய்வூதியமோ வரும் அதே வங்கிக் கிளை. ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் விண்ணப்பம்), பான் கார்டு, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் விவரம் எல்லாம் கொடுத்தால் அனுப்பிவிடுவார்கள். அன்றைய ரேட் 102.50 என்று வைப்போம். கட்டணம் 500 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து 590. நாணய மாற்றத்துக்கு என்று தனியாக ஒரு ஜிஎஸ்டி உண்டு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு அது 5,500 ரூபாயும் மீதித் தொகையில் 0.1 சதவீதமும் என்ற மதிப்பின் மேல் 18%. நம் தொகைக்குச் சுமார் 1,030 ரூபாய் வரும். ரசீதில் தெரிவது இந்த இரண்டும்தான்: 1,620 ரூபாய். தெரியாதது, யூரோவுக்கு இரண்டரை ரூபாய் வீதம் 29,760 ரூபாய். ஆக மொத்தம் 31,380.

இரண்டாவது வழி, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற ஃபாரெக்ஸ் நிறுவனம் அல்லது அவர்களை ஒருங்கிணைத்து ரேட் காட்டும் இணையத்தளம். இங்கே ரேட் 100.80, கட்டணம் 1,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி சேர்ந்த கட்டணம் 1,180. மாற்றத்துக்கான ஜிஎஸ்டி ஏறக்குறைய அதேதான், 1,026. ரேட்டில் போவது 9,523. மொத்தம் 11,729.

கட்டணம் இருமடங்கு வாங்கும் இடம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய் மலிவு. "சார்ஜ் எவ்வளவு?" என்ற கேள்வியை இதனால்தான் கேட்க வேண்டாம் என்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஜெர்மனியில் 11,904 யூரோ குறையாமல் சேர, நான் மொத்தம் எத்தனை ரூபாய் தரணும்?" பதிலை 11,904-ஆல் வகுத்தால் உண்மையான ரேட் வந்துவிடும். இரண்டு மூன்று இடங்களில், ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் கேட்க வேண்டும். காலையில் ஓரிடம், மறுநாள் மாலையில் ஓரிடம் என்று கேட்டால் சந்தை நகர்ந்திருக்கும், ஒப்பீடே செல்லாது.

வங்கிக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். பட்டியலில் உள்ள விலை பேரம் பேசாதவர்களுக்கானது. பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு, கிளை மேலாளர் தலைமையகத்தின் டிரஷரி பிரிவைக் கூப்பிட்டு விலையைக் குறைத்து வாங்க முடியும். கையில் வேறொரு நிறுவனம் எழுத்தில் தந்த ரேட்டை வைத்துக்கொண்டு, "இதுக்குப் பக்கத்துல வர முடியுமா சார்?" என்று கேட்டால் 102.50 என்பது 101.20-க்கு இறங்குவது அபூர்வம் இல்லை. யூரோவுக்கு 1.30 இறங்கினால் 15,475 ரூபாய். ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு அது நல்ல கூலி. கிளையில் அந்நியச் செலாவணி பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் மட்டும் வேறு கிளைக்குப் போய்விடுங்கள். தாளை நிரப்பத் தெரியாமல் இரண்டு வாரம் இழுத்தடிப்பார்கள். விசா நேரத்தில் அதுவும் ஒரு செலவுதான்.

மூன்றாவது வழி, பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனமே தன் பக்கத்தில் காட்டும் 'இந்திய ரூபாயில் செலுத்து' வசதி. அதன் பின்னால் இங்குள்ள ஒரு கூட்டாளி நிறுவனம் இருக்கும். தாள் வேலை குறைவு, தொகை சரியாகப் போய்ச் சேரும் என்ற நிம்மதியும் உண்டு. ரேட் சில நாள் நன்றாகவும் சில நாள் சுமாராகவும் இருக்கும். மேலே சொன்ன வகுத்தல் கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம்.

கல்விக் கடன் வாங்கியவர்களுக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. கடன் தரும் வங்கி, தானே தன் ரேட்டில்தான் அனுப்புவேன் என்று பெரும்பாலும் சொல்லும். அங்கே பேரம் மட்டுமே வழி.

நடுவழியில் கழியும் யூரோ

உங்கள் வங்கிக்கும் ஜெர்மன் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லாவிட்டால், ஸ்விஃப்ட் என்ற பன்னாட்டு வங்கி வலையமைப்பு வழியே போகும் பணம் நடுவில் ஒரு வங்கியைத் தொட்டுக்கொண்டு போகும். அந்த வங்கி தன் கூலியை அனுப்பும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். படிவத்தில் இதற்கு மூன்று தேர்வுகள் உண்டு: செலவு முழுக்க அனுப்புபவருடையது, முழுக்கப் பெறுபவருடையது, இருவரும் பகிர்வது. பேசாமல் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் பகிர்வதில்தான் டிக் விழும்.

வேறு விஷயங்களுக்கு அனுப்பும்போது பத்து, இருபது யூரோ குறைந்தால் உயிர் போகாது. பிளாக்டு அக்கவுண்டில் அப்படியில்லை. கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 11,904 அனுப்ப, போய்ச் சேர்ந்தது 11,886. பதினெட்டு யூரோ குறைந்ததால் சான்றிதழ் வரவில்லை. அந்தப் பதினெட்டை அனுப்ப மறுபடி ஏ2 படிவம், மறுபடி 590 ரூபாய், மறுபடி நடுவங்கி. இந்த முறை நடுவங்கிக்கும் சேர்த்து நாற்பது யூரோ அனுப்பினார்கள். பணம் பெரிதில்லை, விசா நேர்காணல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 'செலவு முழுக்க அனுப்புபவருடையது' என்ற தேர்வுக்கு இங்கே ஆயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கேட்பார்கள். இந்த ஒரு வேலைக்கு அதைக் கொடுத்துவிடுவதே சரி. கணக்கு நிறுவனம் தன் தொடக்கக் கட்டணத்தையும் இதே தொகையோடு சேர்த்து அனுப்பச் சொல்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசிஎஸ்: போய்த் திரும்பி வரும் பணம்

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் ஒருவருடைய பான் எண்ணில் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு டிசிஎஸ், அதாவது அனுப்பும் இடத்திலேயே வசூலிக்கும் முன்வரி, பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. விகிதம் என்ன என்பது, எதற்காக அனுப்புகிறோம் என்று படிவத்தில் போடும் குறியீட்டைப் பொறுத்தது. கல்விக்கு என்றால் 2025-26-இல் 5% ஆக இருந்தது. பொதுவான பிற காரணங்களுக்கு 20%. கல்விக் கடனிலிருந்து நேரே போகும் பணத்துக்கு டிசிஎஸ் இல்லை. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இந்த எண்களைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதால் அனுப்பும் மாதத்து நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கி உதாரணத்தில் அனுப்பிய தொகை 12,20,160 ரூபாய். பத்து லட்சத்துக்கு மேற்பட்டது 2,20,160. கல்வி என்று குறித்திருந்தால் அந்த 5% விகிதத்தில் 11,008 ரூபாய் பிடிப்பார்கள். கவுன்ட்டரில் இருப்பவர் 'வெளிநாட்டில் கணக்குத் திறக்க' என்ற குறியீட்டைப் போட்டுவிட்டால் 44,032. அவரைக் குறை சொல்லவும் முடியாது, உண்மையிலேயே அது வெளிநாட்டுக் கணக்குதானே! அதனால் படிவம் நிரப்பும்போதே அனுமதிக் கடிதத்தைக் காட்டி, கல்விக்கான குறியீடு போடச் சொல்லி, போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

இதை நஷ்டம் என்று பலர் புலம்புகிறார்கள். அது நஷ்டம் இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லாதவர் திரும்பப் பெறலாம். சம்பளக்காரர் அலுவலகத்தில் தெரிவித்து, மாதாமாதம் பிடிக்கும் டிடிஎஸ்ஸைக் குறைக்கச் சொல்லலாம். சிரமம் என்னவென்றால், கையைக் கடிக்கும் நேரத்தில் அந்தப் பணம் பல மாதம் அரசிடம் கிடக்கும். அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி என்று அனுப்பினால் இருவருமே வரம்புக்குள் நிற்பார்கள். இருவருக்கும் பான் இருக்க வேண்டும், பணம் அவரவர் கணக்கிலிருந்து போக வேண்டும். கட்டணமும் நடுவங்கியும் இரண்டு முறை என்பதையும் கணக்கில் எடுங்கள். குடும்பத்துக்குள் பெரிய தொகையை மாற்றும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

டிசிஎஸ் இல்லை என்பதற்காக மட்டும் மோசமான ரேட்டை ஏற்க வேண்டாம். டிசிஎஸ் திரும்பி வரும். ரேட்டில் போனது போனதுதான்.

விசா கிடைக்காவிட்டால்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே பேச விரும்புவதில்லை, அபசகுனம் போலப் பார்க்கிறார்கள். விசா மறுக்கப்பட்டால், அந்தக் கடிதத்தைக் காட்டிப் பிளாக்டு அக்கவுண்ட் பணத்தைத் திரும்பப் பெறலாம். யூரோவாகத் திரும்பி வரும். வந்ததை ரூபாயாக்கும்போது வங்கி தன் வாங்கும் விலையைப் போடும். 102.50-க்கு விற்றவர்கள் 97.50-க்கு வாங்கினால், சந்தை இம்மிகூட நகராமலேயே 59,520 ரூபாய் போய்விடும். நடுவங்கி இன்னொரு முறை கை நீட்டும். ஆகவே, வாங்கும்போது மட்டுமல்ல, திரும்பி வரும்போதும் பேரம் பேச வேண்டும்: உள்ளே வரும் வெளிநாட்டுப் பணத்தை உடனே ரூபாயாக்காமல், ரேட்டை உறுதி செய்த பிறகு மாற்றும்படி வங்கியிடம் எழுதிக் கொடுக்கலாம். சேர்க்கை உறுதியில்லாத நிலையில் பணத்தை அவசரப்பட்டு அனுப்பாமல் இருப்பது அதைவிட நல்லது.

முதல் மாதத்துப் பணம்

ஜெர்மனியில் இறங்கிய மறுநாளே 992 யூரோ கைக்கு வந்துவிடாது. அதற்கு அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். பெர்லின் போன்ற நகரங்களில் அந்தப் பதிவுக்கு நேரம் கிடைப்பதே இழுபறி. இதற்கிடையில் அறைக்கு முன்பணம் கேட்பார்கள். சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். ஆகவே பிள்ளை கையோடு கொண்டுபோகும் பணம் ஆயிரத்தைந்நூறு யூரோவாவது இருக்க வேண்டும். இரண்டாயிரம் என்றால் மூச்சு விடலாம்.

நோட்டாகவே எல்லாவற்றையும் கொண்டுபோவது முதல் வழி. ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வாங்க அனுமதி உண்டு. ஜெர்மனி இன்னும் நோட்டு புழங்கும் நாடு. அந்நாட்டு மத்திய வங்கி 2023-இல் எடுத்த கணக்கின்படி அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் 51% ரொக்கம்தான். சின்ன உணவகம், ரொட்டிக்கடை, ஈழத்தமிழர் நடத்தும் மளிகைக் கடை என்று பல இடங்களில், அட்டை என்றால் உள்ளூர் ஜிரோகார்டு மட்டும்தான் எடுப்பார்கள். நம் விசா, மாஸ்டர்கார்டைக் காட்டினால் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் ரேட் மோசம்: 104 என்றால் இரண்டாயிரம் யூரோவுக்கு 8,000 ரூபாய் ரேட்டிலேயே போகும். தொலைந்தால் தொலைந்ததுதான். அதனால் நோட்டு 300, 400 யூரோ போதும். வாங்கும்போது ஐம்பதும் இருபதுமாகக் கேளுங்கள். 500 யூரோ நோட்டு வெளியிடுவதை 2019-இலேயே நிறுத்திவிட்டார்கள். செல்லும் என்றாலும் கடைகளில் வாங்கமாட்டார்கள். அதை இங்கே யாராவது கொஞ்சம் விலை குறைத்துத் தந்தால் காரணம் அதுதான். விமான நிலையக் கவுன்ட்டரைப் பற்றி ஒரே வரி: அங்கே வாங்காதீர்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு இரண்டாவது. ஏற்றும்போதே ரேட் உறுதியாகிவிடும், தொலைந்தால் முடக்கலாம். 101.50-க்கு ஏற்றினால் 1,200 யூரோவுக்கு 1,800 ரூபாய் ரேட்டில் போகிறது. கடையில் தேய்த்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு யூரோ சொச்சம். ஏமாறும் இடம் ஒன்று உண்டு: கையிருப்பில் டாலர் கார்டுதான் இருக்கிறது, எங்கேயும் செல்லும் என்று தலையில் கட்டிவிடுவார்கள். டாலர் ஏற்றிய கார்டை யூரோவில் தேய்த்தால் நாணயம் மாறுவதற்கு 2 முதல் 3.5% வரை தனியாகப் பிடிப்பார்கள். யூரோவாகவே ஏற்றித் தரச் சொல்லுங்கள். மிச்சம் வைக்காமல் அங்கேயே செலவழிப்பதுதான் லாபம். திருப்பினால் மறுபடி வாங்கும் விலை.

சாதாரண டெபிட் கார்டுதான் இருப்பதிலேயே விலை கூடியது, அதைத்தான் அதிகம் பேர் நம்பிப் போகிறார்கள். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் ரேட் நன்றாகத்தான் இருக்கும். அதன் மேல் நம் வங்கி வழக்கமாக 3.5% மார்க்அப், அதாவது ரேட்டுக்கு மேல் கூடுதல் தொகை, போட்டு, அந்த மார்க்அப்புக்கு ஜிஎஸ்டியும் போடும், சேர்த்து 4.13%. ஏடிஎம்மில் எடுத்தால் நம் வங்கிக்கு ஒரு 150 ரூபாயும் ஜிஎஸ்டியும். இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஐந்து யூரோ கேட்கிறார் என்று வைப்போம். 50 யூரோ எடுத்தால், அதாவது 5,000 ரூபாய்க்கு: மார்க்அப் 207, வங்கிக் கட்டணம் 177, இயந்திரக்காரர் 500. மொத்தம் 884. கிட்டத்தட்ட 18%! அதே இடத்தில் ஒரே தடவையாக 500 யூரோ எடுத்தால் 2,742, அதாவது ஐந்தரை சதவீதம். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது சிக்கனம் என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறோம். ஏடிஎம் முன்னால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

மார்க்அப் இல்லாத அட்டைகள் நாலாவது. நியோ, ஸ்கேப்பியா போன்ற பெயர்களில் வங்கிகளோடு சேர்ந்து தருகிறார்கள். கடையில் தேய்க்க இதைவிட மலிவான வழி இன்று இல்லை என்பது என் கருத்து. ஆனால் விளம்பரத்தில் 'ஜீரோ' என்பது மார்க்அப்புக்கு மட்டும். கிரெடிட் கார்டாக இருந்தால் ஏடிஎம் பக்கமே போகக்கூடாது: பணம் எடுக்கக் கட்டணம் வழக்கமாக 2.5%, குறைந்தது 500 ரூபாய், அன்றே வட்டியும் ஓடத் தொடங்கிவிடும். சம்பளம் இல்லாத மாணவருக்குக் கிரெடிட் கார்டு கிடைக்காதே என்றால், வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரும் கார்டுகள் இருக்கின்றன.

எந்த அட்டையானாலும் கிளம்பும் முன் செயலியில் 'சர்வதேசப் பயன்பாடு' என்பதைத் திறந்துவிட வேண்டும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புது அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டும் என்ற நிலையில்தான் வருகின்றன. இந்திய சிம்முக்கு ரோமிங்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிபி வராது. யுபிஐ சிங்கப்பூர், அமீரகம், பிரான்ஸ் என்று பரவுகிறது. ஜெர்மனிக்குப் போகிறவர் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால்: நோட்டு 400, யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் 1,200, ஆபத்துக்கு மார்க்அப் இல்லாத ஓர் அட்டை. சாதாரண டெபிட் கார்டு பெட்டியின் அடியில் கிடக்கட்டும். ஃபாரெக்ஸ் கார்டைப் பிள்ளையின் பான் எண்ணிலேயே வாங்குங்கள். அப்பாவின் பத்து லட்ச வரம்பு ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

ஏடிஎம் திரையில் ஒரு பச்சைப் பொத்தான்

சுற்றுலாப் பயணிகள் திரியும் இடங்களில், ரயில் நிலையங்களில், எந்த வங்கிக் கிளையோடும் சேராமல் தனியாக நிற்கும் ஏடிஎம்கள் உண்டு. அட்டையைச் செருகியதும் அது இந்திய அட்டை என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். 200 யூரோ கேட்டால், பணம் தரும் முன் ஒரு திரை வரும்: 'உங்கள் கணக்கில் 22,000 ரூபாய் பற்று வைக்கப்படும். உறுதியான மாற்று விலை. ஏற்கிறீர்களா?' ஏற்பதற்கான பொத்தான் பச்சையாக, பெரிதாக. மறுப்பது பெரும்பாலும் மங்கலாக ஓர் ஓரத்தில், சில இயந்திரங்களில் 'பரிவர்த்தனையை ரத்து செய்' என்று பயமுறுத்தும் தொனியில். புதிய ஊரில், பின்னால் வரிசை நிற்கும்போது, ரூபாயில் தெரியும் எண் ஆறுதலாக இருக்கும். பச்சையைத் தட்டினால், 20,000 ரூபாய்ப் பணத்துக்கு 22,000 கொடுத்தாயிற்று.

மறுத்தால் பணம் வராது என்பதில்லை. மறுத்தாலும் 200 யூரோ வரும், நம் அட்டை நிறுவனத்தின் ரேட்டில். கடைகளில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும்; சில இடங்களில் கடைக்காரரே நமக்காக ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிடுவார். அச்சாகி வந்த சீட்டில் ரூபாய் என்று இருந்தால், ரத்து செய்து மறுபடி யூரோவில் போடச் சொல்ல உரிமை உண்டு. இன்னொரு கொடுமை, ரூபாயிலேயே கட்டிவிட்டோமே என்றாலும், வெளிநாட்டுக் கடை என்பதால் நம் வங்கிகள் சில ஒரு சதவீதமோ சற்றுக் கூடவோ தனியாகப் பிடிக்கின்றன. மார்க்அப் இல்லாத அட்டை வைத்திருப்பவருக்கும் இந்தத் திரை முன்னால் பாதுகாப்பு கிடையாது, ஏனென்றால் மாற்றத்தைச் செய்வது இயந்திரக்காரர். எப்போதும் யூரோ, எங்கேயும் யூரோ.

'நான் இங்க தரேன், நீ அங்க குடு'

மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் வாரம் ஒருமுறையாவது வரும் செய்தி இது. ஜெர்மனியில் இருப்பவருக்கு ஊரில் ரூபாய் வேண்டும், புதிதாக வந்தவருக்கு யூரோ வேண்டும். கூகுள் ரேட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் கமிஷன் இல்லை. கணக்குப்படி இதை வெல்ல எந்த வழியாலும் முடியாது. ஆனால் உரிமம் பெற்றவர் வழியே அல்லாமல் இப்படி மாற்றிக்கொள்வது ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி விதிமீறல். எதிர்முனையில் இருப்பவரின் பணம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. மோசடிப் பணமாக இருந்தால் முடங்குவது பிள்ளையின் ஜெர்மன் கணக்கு; மாதம் 992 யூரோ வந்து விழும் அதே கணக்கு. ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

பிறகு பணம் எதிர்ப்பக்கம் ஓடும்போது

ஓராண்டு கழித்துப் பகுதிநேர வேலை கிடைத்து, பிள்ளை கல்விக் கடனுக்கு மாதம் இருநூறு, முந்நூறு யூரோ அனுப்பத் தொடங்கும். சிறு தொகைகளில்தான் மறைசெலவு அதிகம் கடிக்கும். 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு ஆறு சதவீதத்தை ஒட்டி நிற்பதாக உலக வங்கியின் கணக்குகள் காட்டி வந்திருக்கின்றன. அதை 2030-க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. வழிகளில் வங்கிதான் பொதுவாக விலை கூடியது. ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு இணையவழி நிறுவனங்கள் பல போட்டி போடுவதால் அந்தச் சராசரியைவிட நன்றாகவே குறைத்து அனுப்பலாம். வைஸ் போன்றவை நடுச்சந்தை விலையைக் கொடுத்துக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும். வேறு சில, கட்டணம் இல்லை என்று சொல்லி ரேட்டில் எடுக்கும். 'முதல் முறைக்குச் சிறப்பு ரேட்' என்று கவர்ந்துவிட்டு இரண்டாம் மாதத்திலிருந்து விலையை இறக்குபவை உண்டு என்பதால், பழகிவிட்ட செயலியிலும் மாதாமாதம் ஒரு பார்வை வேண்டும்: இன்று 200 யூரோ போட்டால் ஊரில் எத்தனை ரூபாய் விழும்?

படிக்கப் போனவர் ஃபெமா கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர். ஊரில் அவர் பெயரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து இங்கே அனுப்புவதற்கு ஓர் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டு வருமானத்துக்கான கணக்கு) திறந்துகொண்டால், தேவைப்படும்போது அதே பணத்தைத் தடையில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கடன் தவணை மட்டும்தான் என்றால் பெற்றோர் கணக்குக்கே நேராக அனுப்பலாம். பிள்ளை பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை.